தேத்தண்ணி குடிக்காத மிஸ்ஸி

அத்தியாயம் ஐந்து

டொக்டர் சிவகரனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பறியும் கதையில் கதை சொல்கிறவனே எதையாவது ஒளித்து வைத்தால் வாசகர்களுக்குக் கோபம் வரும்.

அவர் கண்டியிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் ஹட்டனுக்கு வந்து, ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுப் போகிறவர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்கிறது. அவரைப் பிடிக்காததற்கு அது முதல் காரணம். இரண்டாவது காரணம் பிரியந்தினி.

பிரியந்தினி நோட்டன் பிரிட்ஜ்காரி. அந்த ஆஸ்பத்திரியில் எட்டு மாதமாக நர்ஸ், எங்கள் பக்கப் பேச்சில் மிஸ்ஸி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரும் பஸ்ஸில் நானும் ஏறுவேன், எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும். என்னை "விஜி அண்ணா" என்பாள். அவரைச் சொல்லும்போது "எங்க சேர்" என்பாள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள், என் வயிறு ஏன் எரிகிறது என்று புரியும்.

இப்போது அவளைப் பொலிஸில் ஒப்படைக்கப் போகிறார்கள். அதுவும் இன்றைக்கு, பகல் இரண்டு மணிக்கு.

"களவுதான். வேற பேரு இல்ல," என்றார் டொக்டர் சுந்தரலிங்கம். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர். அவருடைய அறையில்தான் நின்றிருந்தோம். ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை. வழக்குப் போட்டால் தாங்குகிற ஆள் நானில்லை. "மூணு பேஷண்ட். மூணு பேரும் ஒப்பரேஷன் முடிஞ்சு முழிச்சதும் அலறியிருக்காங்க. வலி ஊசி போட்டும் அடங்கல. மூணு நாளும் வார்ட்டுல ஊசி போட்டது அந்தப் பொண்ணு. ஊசில தண்ணிய ஏத்திட்டு மருந்த வெளிய வித்திருக்கா."

"வித்ததைப் பார்த்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் பிரேமினி அக்கா.

என் முதலாளியைப் பற்றி இரண்டு வரி. ஹட்டன் பஜாரில் மூன்று தலைமுறையாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். அந்தக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம். கீழே வெங்காயம், மேலே வில்லங்கம் என்று நான் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

"பார்க்கல. ஆனா ஜெயலெட்சுமி மிஸ்ஸி சொல்றாங்க. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

ஜெயலெட்சுமி மிஸ்ஸி ஜன்னலோரம் நின்றிருந்தார். நர்ஸ்மாருக்கெல்லாம் தலைவி. கஞ்சி போட்ட உடுப்பு, கஞ்சி போட்ட முகம்.

"அவ வார்ட்டுல இருந்தா பேஷண்ட் கத்துது. அவ இல்லாட்டி கத்துறதில்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

"அந்த மூணு நாள் இருக்கட்டும் மிஸ்ஸி. நல்ல நாளைப் பத்திச் சொல்லுங்க," என்றார் அக்கா.

"என்னது?"

"கெட்ட நாளைப் பத்தி ஊரே பேசும். நல்ல நாளை யாரும் விசாரிக்கிறதில்ல. இந்த மூணு கிழமையில இதே மாதிரி ஒப்பரேஷன் வேற யாருக்காவது நடந்துச்சா?"

சுந்தரலிங்கம் ரெஜிஸ்டரைப் புரட்டினார். அந்த மூன்று பேரையும் சேர்த்து நான்கு பேர். டிரைவர் ஜீவராஜ், பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு டீச்சர், நாகலெட்சுமி, கடைசியாக முந்தாநாள் வேலாயி. நால்வருக்கும் பித்தப்பைக் கல். நால்வருக்கும் அதே டொக்டர், அதே மயக்க மருந்து.

"கத்தாதது யாரு?"

"நாகலெட்சுமி. முழிச்சதும் தலைசீவச் சீப்பு கேட்டிச்சாம்."

"நாலு பேரோட பைலும், நர்ஸ்மாரோட டியூட்டி லிஸ்ட்டும் எனக்கு வேணும்," என்றார் அக்கா. "இரண்டு மணிக்குள்ள வர்றோம்."

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

* * *

வேலாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் இன்னும் கட்டிப்போய்க் கிடந்தது. அன்றைக்கு அவ்வளவு கத்தியிருக்கிறார்.

"மூணு புள்ள பெத்தவ நான். அட்டை கடிக்கும், குளவி கொட்டும், நான் கத்துனதில்ல. அன்னைக்குக் கத்துனேன் தாயி. வயித்துல வெட்டுன எடம் வலிச்சாப் பரவாயில்ல. போர்வை கால்ல பட்டுச்சு, அதுவே நெருப்பா எரிஞ்சிச்சு."

"கால்லயா?" அக்கா குனிந்தார்.

"பாதத்துல. அந்தப் புள்ள போர்வைய எடுத்துட்டு ஊசி போட்டுச்சு. வலி கேக்கல. டொக்டர்கிட்ட ஓடிக் கேட்டுட்டு வந்து இன்னொண்ணு போட்டுச்சு. போடும்போது அது அழுதுச்சு. நான் கத்துறேன், அது அழுவுது, நல்ல கூத்து."

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா என்னைப் பார்த்தார்.

"வெட்டுனது வயித்துல. எரிஞ்சது பாதம். மருந்து இல்லாட்டி வெட்டுன எடம்தானே வலிக்கணும்? இவங்களுக்கு வலி பிடிக்கிற நரம்பையே யாரோ முறுக்கி விட்டிருக்காங்க விஜி. அது எப்படி நடக்கும்னு ஒரே ஆளுக்குத்தான் தெரியும். சிவகரன் டொக்டருக்குப் போன் போட்டுக் கேளு."

"சரிக்கா," என்றேன்.

அக்கா பைல்களைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டார். நான் போனை எடுத்தேன். நம்பர் இருந்தது. பெயரைப் பார்த்தேன். "எங்க சேர்" என்ற குரல் காதுக்குள் கேட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்த மனுஷனிடம் போய், ஐயா எனக்குத் தெரியாது சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பதா? வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிறேன். அவரிடம் மட்டும் முடியாது. அக்கா கேட்டால் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். இந்த மலையில் அதை நம்பாதவர் யாருமில்லை.

கேட்பதற்குப் பதிலாக, அந்த மனுஷன் மேலேயே ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்போமே என்று தியேட்டர் உதவியாளர் செல்லசாமியைத் தேடிப் போனேன். வயசாளி. ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சிவகரன் டொக்டரும் பிரியந்தினி மிஸ்ஸியும் எப்புடி, ஐயா?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"எப்புடின்னா? அவரு மருந்து ஏத்துவாரு, அடுத்த ரூமுல அடுத்த ஆளு காத்திருக்கும், அங்க போவாரு. இவங்க மெஷின் பக்கத்துல நிப்பாங்க." செல்லசாமி யோசித்தார். "ஒரு விஷயம் தம்பி. அந்த மிஸ்ஸிக்குத் தேத்தண்ணி மேல அப்புடி ஒரு கண்ணு."

"தேத்தண்ணியா?"

"வெட்டுற டொக்டருக்கு ஒரு பழக்கம். உள்வேலை முடிஞ்சு மேல்தோல் தைக்க ஊசிய எடுத்தாருன்னா, 'செல்லசாமி, தேத்தண்ணி சொல்லு'ன்னு கொரல் குடுப்பாரு. நான் கேன்டீனுக்குச் சொல்லுவேன். கேன்டீன் கீழ இருக்கு, எழுபது படி. தேத்தண்ணி வந்து சேரப் பத்து நிமிஷம் ஆவும். பிரியந்தினி மிஸ்ஸி இருந்தா, 'சொல்லியாச்சா ஐயா, படி ஏறிட்டாங்களா ஐயா, வந்திருச்சா ஐயா'ன்னு மூணு தடவ கேப்பாங்க. ஜெயலெட்சுமி மிஸ்ஸி இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

எனக்கு உள்ளே தீப்பிடித்தது. தேத்தண்ணி வந்தால் இடைவேளை. இடைவேளை என்றால் அடுத்த அறையிலிருந்து சிவகரன் வருவார். இரண்டு பேரும் சேர்ந்து குடிப்பார்கள். அதற்குத்தான் இந்தப் பறப்பு. எல்லாம் விளங்கிவிட்டது! மூன்று படிகளை ஒரே தாவலில் தாவி அக்காவிடம் வந்து கொட்டினேன்.

அக்கா நாலாவது பைலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் முடித்ததும் தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் புள்ள தேத்தண்ணி குடிக்குமா விஜி?"



குடிக்க மாட்டாள். எனக்குத் தெரியாதா? கினிகத்தேனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் இரண்டு கப் வாங்கி வந்து நீட்டியிருக்கிறேன். "எனக்குக் கேஸ்ட்ரிக் அண்ணா, சுடுதண்ணி போதும்" என்பாள். அந்த இரண்டாவது கப்பையும் நானே குடித்துவிட்டு வீடுவரை நெஞ்செரிச்சலோடு போன ஞாயிறுகள் எத்தனை! ஹட்டன் வட்டாரத்திலேயே தேத்தண்ணி தொடாத ஒரே நர்ஸ் அவள்தான்.

"அப்ப ஏன் மூணு தடவ கேக்குது?" என்றார் அக்கா. "வா, அதையே போய்க் கேப்போம். டொக்டர் என்ன சொன்னாரு?"

"லைன்... கிடைக்கல."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொய் சொல்ல நான் இன்னும் பழகவில்லை.

* * *

துணி அடுக்கும் அறையில் பிரியந்தினியை உட்கார வைத்திருந்தார்கள். வெளியே காவலாளி. அழுது முகம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"விஜி அண்ணா, நான் எடுக்கல. என் மேல பொலிஸ் கேஸ் விழுந்தா நர்ஸ் லைசன்ஸ் போயிரும். எங்கப்பா செத்தே போயிருவாரு."

"களவை விடு தங்கச்சி," என்றார் அக்கா. "தேத்தண்ணிய ஏன் அவ்வளவு தேடுற?"

அவள் விழித்தாள். இந்த மூன்று நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி.

"அது... மருந்தை எறக்குறதுக்கு."

"வெளங்குற மாதிரி சொல்லு."

"ஒப்பரேஷன்ல ஒரு மருந்து ஏத்துறோம், மெஷின்ல. ரொம்பக் கடுமையானது. அது ஓடுற வரைக்கும் பேஷண்டுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா சட்டுனு நிப்பாட்டுனா, ஒடம்பு அதுவரைக்கும் அமுக்கி வச்ச வலியெல்லாம் பெருசா எந்திரிச்சுரும்னு எங்க சேர் சொல்லுவாரு. சில பேருக்குத் தொட்டாலே வலிக்குமாம். அதனால படிப்படியா எறக்கணும். எப்ப எறக்க ஆரம்பிக்கிறது? வெட்டுற டொக்டர் எப்ப முடிப்பாருன்னு சொல்லவே மாட்டாரு. ஆனா தேத்தண்ணி சொல்லுவாரு."

எனக்கு மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது.

"தேத்தண்ணி சொன்னா கொஞ்சம் எறக்குவேன். படி ஏறுறாங்கன்னா இன்னும் கொஞ்சம். கப் வாசலுக்கு வந்தா கடைசிக் கொஞ்சம். அவரு கையுறையக் கழட்டும்போது மெஷின் நின்னிருக்கும். சேர்தான் அளவு எழுதித் தந்தாரு. நேரம் பிடிக்கிறது மட்டும் என் யோசனை. சேருக்குச் சிரிப்பு. ஆனா சரியா இருக்குன்னாரு."

"இதை ஏன் நீ யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் தியேட்டரைப் பத்திக் கேக்கலையே அக்கா. வார்ட்டு ஊசியப் பத்தித்தானே கேட்டாங்க. நான் மூணு கிழமையா வார்ட்டுலதான், ஒரே ஒரு நாள் தவிர. ஜெயலெட்சுமி மிஸ்ஸிதான் இப்ப தியேட்டர்ல. அவங்களும் இப்படித்தான் எறக்குவாங்க. சேர் சொல்லியிருக்காரு."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"குடை பிடிச்சவன் வந்தாலே மழை பெய்யுதுன்னு சொன்ன கதைடா விஜி. இவ வார்ட்டுல இருந்தா பேஷண்ட் கத்துதாம். சரிதான். ஏன்னா இவ வார்ட்டுல இருந்தா தியேட்டர்ல இல்ல!"

பிறகு கையை நீட்டினார். "போனைக் கொடு. லைன் கிடைக்கும்."

ஒரே ரிங்கில் கிடைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

* * *

ஒன்று ஐம்பது. சுந்தரலிங்கத்தின் மேசையில் பொலிஸுக்கு எழுதிய முறைப்பாடு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. பக்கத்தில் என் போன், ஸ்பீக்கரில். பிரியந்தினி கதவோரம் நின்றாள். ஜெயலெட்சுமி அதே ஜன்னலோரம்.

"தப்பு எனக்கும் இருக்கு," என்றது சிவகரனின் குரல். "நான் வந்து பார்த்திருக்கணும். வலி கூடினது வார்ட்டு மருந்தாலன்னு நீங்க சொன்னதை நம்பிட்டன். அந்த மருந்தைக் கடைசித் தையல் வரைக்கும் முழு வேகத்துல ஓடவிட்டு அப்படியே நிறுத்தினா, வலி வழமைய விட மோசமா வரும். எல்லாருக்கும் இல்ல, ஆனா வரும். ஜெயலெட்சுமி மிஸ்ஸி, பிரியந்தினிகிட்டக் கேட்டு அவ செய்யுற மாதிரியே செய்யுங்கன்னு நான் சொன்னனான்தானே?"

இந்த மனுஷன் தன் தப்பைக்கூட எவ்வளவு அழகாக ஒப்புக்கொள்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜெயலெட்சுமியின் முகம் மாறவில்லை. "சொன்னீங்க. வேலை நெருக்கத்துல மறந்துட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு மறதி. மன்னிச்சுக்குங்க."

சுந்தரலிங்கம் மூச்சு விட்டார். முறைப்பாட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "சரி. மறதிதான். களவு இல்ல. பிரியந்தினி, நீ டியூட்டிக்குப் போ. இத்தோட விட்டுருவோம்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அக்கா எழுந்திருக்கவில்லை.

"மறதின்னா நாலு பேருக்கும் மறந்திருக்கணுமே மிஸ்ஸி," என்றார். டியூட்டி லிஸ்ட்டை விரித்தார். "மொதல்ல ஜீவராஜ், தியேட்டர்ல நீங்க, கத்தினாரு. அப்புறம் டீச்சர், தியேட்டர்ல நீங்க, கத்தினாங்க. மூணாவது நாகலெட்சுமி. அன்னைக்கும் உங்க பேருதான் டைப் பண்ணியிருக்கு. அதைப் பேனாவால வெட்டிட்டுப் பிரியந்தினி பேரை எழுதியிருக்கு. நாகலெட்சுமி சீப்பு கேட்டாங்க. நாலாவது வேலாயி. திரும்பவும் நீங்க."

அக்கா அந்த வெட்டின வரியில் விரலை வைத்தார்.

"வெட்டி எழுதினது யாரு?"

"நான்தான். அன்னைக்கு எனக்குத் தலைவலி."

அக்கா ஒரு பைலைத் திறந்து மேசையில் வைத்தார். ஒப்பரேஷனுக்குச் சம்மதம் தெரிவிக்கும் தாள். "நாகலெட்சுமிக்காகக் கையெழுத்துப் போட்டவங்க பேரு ஜெயலெட்சுமி. உறவு, அக்கா."

பிரியந்தினியின் கை வாயைப் பொத்தியது.

எனக்கு அந்த வினாடியில்தான் முழுதும் உறைத்தது. ஜெயலெட்சுமி எதையும் மறக்கவில்லை. இரண்டு பேர் கத்தியதைக் கேட்டதும் காரணம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் தங்கையின் முறை வந்தபோது அந்தச் சின்னப்பெண்ணைக் கூப்பிட்டு மெஷின் பக்கத்தில் நிற்க வைத்தார். தங்கை வலியில்லாமல் எழுந்தாள். மறுகிழமை அந்தப் பெண்ணைத் திரும்பவும் வார்ட்டுக்கு விரட்டிவிட்டு, வேலாயியை அலற விட்டார். அந்த அலறலையே காட்டிக் களவுப் பட்டமும் கட்டினார்.

"அவ என் தங்கச்சி," என்றார் ஜெயலெட்சுமி. குரலில் கஞ்சி போய்விட்டது.

"வேலாயி யாரோட தங்கச்சி?" என்றார் அக்கா.

ஜெயலெட்சுமி ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பேசினபோது சுந்தரலிங்கத்தை மட்டும் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷம் டொக்டர். எத்தனை பேருக்குப் பீ மூத்திரம் அள்ளியிருக்கேன். ஒரு பேஷண்ட், ஒரே ஒரு பேஷண்ட், என் பேரு என்னன்னு கேட்டதில்ல. பெரிய மிஸ்ஸின்னுதான் சொல்லுவாங்க. இவ வந்து எட்டு மாசம். 'பிரியந்தினி மிஸ்ஸி இருக்காங்களா, அவங்க இருந்தா வலிக்காதாமே'ன்னு நோட்டன்லருந்தும் வலப்பனையிலருந்தும் கேட்டுக்கிட்டு வர்றாங்க. பொறுத்துக்கிட்டேன். கடைசில சிவகரன் டொக்டரே சொல்றாரு, அவகிட்டக் கேட்டுச் செய்யுங்கன்னு. நான் அவகிட்டக் கேக்கணும்! நேத்து வந்தவகிட்ட!" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்க முடியல. நாக்கு எழும்பல."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான். என் நாக்கும் எழும்பவில்லை. வேலாயியின் அலறலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் பிரியந்தினியின் நேரத்தை வெட்டிப் பொறாமையில் நானும் தின்றிருக்கிறேன். இன்னும் ஒரு மணிநேரம் அப்படிப் போயிருந்தால் அவள் பொலிஸ் ஜீப்பில் இருந்திருப்பாள். அந்த அம்மாவை வெறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரை அப்படியே புரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சுந்தரலிங்கம் நெற்றியைத் தேய்த்தார். "விசாரணை நடக்கும் மிஸ்ஸி. அதுக்கு முந்தி வேலாயிகிட்டப் போயி நீங்களே உண்மையச் சொல்லணும். வார்ட்டு முழுக்க இந்தப் புள்ளையக் கள்ளின்னு நம்பிக்கிட்டிருக்கு."

பிரியந்தினி என் போனைக் கையில் எடுத்தாள். "சேர், தேங்ஸ் சேர்," என்றாள். எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லும்படி நானும் ஒன்றும் செய்யவில்லையே.

வார்ட்டுக்கு நாங்களும் பின்னால் போனோம். ஜெயலெட்சுமி கட்டிலருகே போய் நின்றார். வேலாயி காலை ஒதுக்கி இடம் விட்டார்.

"உக்காருங்க பெரிய மிஸ்ஸி, எம்புட்டு நேரந்தான் நிப்பீங்க."

"அந்தப் புள்ள களவெடுக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்குத் தெரியுமே. களவெடுத்தவ அழுவாளா? ஆனா பெரியவங்க நீங்களே வந்து சொல்றீங்க பாருங்க, அதுக்கே மனசு வேணும்." வேலாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க பேரு என்ன மிஸ்ஸி? வீட்டுல போய்ச் சொல்லணும்."

ஜெயலெட்சுமி கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"ஜெயலெட்சுமி," என்றார். பிறகு மீதியையும் சொன்னார். மெஷினை எப்படி நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்காமல் இருந்ததை, தன் தங்கைக்கு மட்டும் வேறு மாதிரி செய்ததை, ஒன்றையும் விடாமல் சொன்னார். வார்ட்டில் இருமல்கூட நின்றுபோயிருந்தது.

வேலாயி அந்தக் கையை மெதுவாக விட்டார். பிறகு கதவோரம் நின்ற பிரியந்தினியைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க," என்றார்.